அர்த்தம் கேட்காத பெட்டிகள்

தோழிகளே, இரண்டு நாளாக நம் வகுப்புக் குழுவில் நான் வாயைத் திறக்கவில்லை என்று சிலர் தனியாக விசாரித்துவிட்டீர்கள். சர்க்கரை ஏறிவிட்டதா, மருமகளோடு சண்டையா என்று ஆளாளுக்கு ஒரு காரணமும் கண்டுபிடித்திருக்கிறீர்கள். உடம்பு நன்றாக இருக்கிறது. மருமகளும் நன்றாக இருக்கிறாள். எனக்குக் கோபம். அறுபதை எட்டிப் பார்க்கும் வயதில் கோபப்பட்டால் மாத்திரை போட்டாயா என்று கேட்கிறார்கள். அதனால்தான் பேசாமல் இருந்தேன்.

விஷயம் இதுதான். தினமும் காலையில் காப்பி ஆறுவதற்குள் நீங்கள் எல்லாரும் போனில் ஒரு விளையாட்டு ஆடுகிறீர்கள். ஐந்து கட்டம். ஐந்தெழுத்து இங்கிலீஷ் வார்த்தை ஒன்றை ஊகிக்க வேண்டும். எழுத்து சரியான இடத்தில் இருந்தால் பச்சை, இடம் மாறி இருந்தால் மஞ்சள், இல்லவே இல்லையென்றால் சாம்பல். முடித்ததும் அந்தக் கலர் கட்டங்களைக் குழுவில் கொண்டுவந்து கொட்டுகிறீர்கள். கொட்டுங்கள், எனக்கொன்றும் இல்லை. ஆனால் முந்தாநாள் நம் வங்கிக்காரி, அதுதான் மேனேஜராக ஓய்வு பெற்றவள், ஒரு வரி போட்டாள். "மூணே தடவையில புடிச்சிட்டேன். அர்த்தம் மட்டும் கேட்றாதீங்கடி, எனக்கே தெரியாது!" அதன் கீழே கைதட்டல் என்ன, பூங்கொத்து என்ன, கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மை என்ன. டாக்டர் வீட்டுக்காரி, "அர்த்தம் யாருக்குடி வேணும், பச்சை விழுந்தா சரி" என்று எழுதினாள்.

அந்த வரியைப் படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அர்த்தம் யாருக்கு வேண்டும் என்று கேட்கிறாள். வேண்டியிருந்ததடி, ஒருத்தரிடம் மட்டும் வேண்டியிருந்தது. என் அக்காவிடம். அதை உங்களுக்குச் சொல்லாமல் எனக்கு அடங்காது.

என் அக்காவை உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். மழை வந்தால் எனக்குக் குடை கொண்டுவருவாள். கை விரலெல்லாம் நீலக் கறுப்பாக இருக்கும். நீங்கள் கூட ஒரு தடவை, "உங்கக்கா சாயப்பட்டறையில வேலையாடி?" என்று கேட்டிருக்கிறீர்கள். அது சாயம் இல்லை. பெட்டியில் மார்க் போடுகிற மை.

எங்கள் அப்பாவுக்குப் பனியன் கம்பெனியில் அந்த வேலைதான். அப்போது நாங்கள் பல்லடம் பக்கத்திலிருந்து மண்ணரைக்குக் குடிவந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. கம்பெனிக்கு வெளிநாட்டு ஆர்டர் புதிதாக வரத் தொடங்கிய நேரம். இப்போது போல அட்டைப்பெட்டியே அச்சடித்து வராது. மொட்டையாக வரும். அதன் மேல் ஊர் பேர், சைஸ், லாட்டு எல்லாம் பேக்கிங் செக்சனில்தான் போட வேண்டும். அதற்குப் பித்தளைத் தகடுகள் உண்டு. ஒரு தகட்டுக்கு ஓர் எழுத்து, ஓட்டையாக வெட்டியிருக்கும். ஒன்றோடொன்று பக்கவாட்டில் கோத்துக்கொள்ளும். பெட்டிமேல் வைத்து, மையில் தோய்த்த குட்டை பிரஷால் தட்டினால் எழுத்து இறங்கிவிடும்.

லாட்டுக்கு, அதாவது ஒரே தடவையில் கட்டி அனுப்புகிற சரக்குக்கு, முதலில் நம்பர்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் ஆறாம் லாட்டுப் பெட்டிகளைத் தலைகீழாக அடுக்கிவிட்டார்கள். ஆறு ஒன்பதாகி, பெரியவர்களுக்குப் போக வேண்டிய லாட்டுக்குப் பதில் குழந்தைகள் பனியன் கப்பல் ஏறிவிட்டது. அந்த வெள்ளைக்காரன் அதை எங்கே மாட்டிப் பார்த்தானோ தெரியாது. முதலாளி ஆடித் தீர்த்துவிட்டார். "இனி லாட்டுக்கு நம்பரே வேண்டாம், பேர் வை" என்று சொல்லிவிட்டார். பேரென்றால் இங்கிலீஷ் பேர். தகடுகளைக் கோத்து வைக்க அப்பாவிடம் இருந்த சட்டத்தில் ஐந்து தகடுதான் கொள்ளும். ஆக ஐந்தெழுத்துப் பேர். ஒருமுறை வைத்த பேரை அந்த சீசன் முடியும்வரை மறுபடி வைக்கக்கூடாது. எங்கள் வீட்டுக்குள் இங்கிலீஷ் வந்த வழி இதுதான்.

டைகர், கிரவுன், ராயல் என்று தொடங்கினார்கள். மேங்கோ கூட ஒரு லாட்டு போனது. நாலு நாளில் பேக்கிங் செக்சனுக்குத் தெரிந்த இங்கிலீஷ் தீர்ந்துவிட்டது. அப்பா எழுத்துக் கூட்டிப் படிப்பார், அவ்வளவுதான். தகட்டை சீமெண்ணெயில் கழுவுவதற்காக டப்பாவோடு வீட்டுக்குக் கொண்டுவருவார். கழுவுவது அக்கா வேலை. கழுவிக்கொண்டே, "அப்பா, நாளைக்கு ட்ரெய்ன்னு வைங்க" என்று அவள்தான் முதலில் சொன்னாள். அப்பா தகடுகளைத் தேடி எடுத்துச் சட்டத்தில் கோத்துப் பார்த்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. "அட, என்ற கண்ணு!" என்றார். அன்றிலிருந்து பேர் வைப்பது அவள் பொறுப்பு ஆனது.

அவளுக்கு எங்கிருந்து வார்த்தை கிடைத்தது என்று கேட்பீர்கள். பனியனுக்கு நடுவில் மடித்து வைக்க, கம்பெனியில் பழைய இங்கிலீஷ் பேப்பரைக் கிலோ கணக்கில் வாங்கிப் போட்டிருப்பார்கள். கசங்கியதை அப்பா வீட்டுக்கு எடுத்துவருவார், அடுப்புப் பற்றவைக்க. அம்மா அதைக் கிழிப்பதற்கு முன்னால் அக்கா ஒருமுறை பார்த்துவிட வேண்டும். துண்டுப் பென்சிலை வைத்துக்கொண்டு ஐந்தெழுத்து வார்த்தைகளை மட்டும் வட்டம் போடுவாள். என்ன செய்தி, யார் செத்தார், எங்கே சண்டை, ஒன்றும் அவளுக்கு வேண்டாம். அரிசியில் கல் பார்ப்பது போலக் கண் ஓடும். அந்தப் பேப்பரில் கப்பல் வருகிற, போகிற விவரம் ஒரு பக்கம் பொடி எழுத்தில் வரும். அந்தப் பக்கம் கிடைத்தால் அவளுக்குக் கொண்டாட்டம். அதில்தான் வேறெங்கும் இல்லாத வார்த்தைகள் இருக்கும் என்பாள். கார்கோ, பார்ஜ், வார்ஃப் எல்லாம் அங்கிருந்து வந்தவை.

நான் பக்கத்தில் உட்கார்ந்து தகட்டை எடுத்துக் கொடுப்பேன். சீமெண்ணெய் வாடை, ஈரப் பித்தளை வாடை, அடுப்பில் வெந்துகொண்டிருக்கும் கொள்ளு வாடை, மூன்றும் கலந்து ஒரு வாடை அடிக்கும். இன்றைக்கும் எங்காவது சீமெண்ணெய் மணந்தால் எனக்கு வாயில் கொள்ளு ருசி வரும். தகட்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து ஓட்டை வழியாகப் பார்த்தால் அம்மா டபிள்யூ வடிவத்தில் தெரிவாள்.

அந்த மழைக்காலத்தில் தகடுகள் ஒவ்வொன்றாகக் கெட ஆரம்பித்தன. ஓ, பி, 'டாக்'கில் வருகிற டி மாதிரி நடுவில் வட்டம் உள்ள எழுத்துகளில் அந்த வட்டத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் சின்னக் கால் ஒடிந்துவிடும். ஒடிந்தால் பெட்டியில் எழுத்து விழாது, கறுப்பாக ஓர் அப்பம் விழும். முதலாளி எல்லாத் தகட்டையும் மாற்றித் தருகிற ஆள் இல்லை. அதிகம் வேலை செய்கிற ஏ, ஆர் இரண்டை மட்டும் லேத் பட்டறையில் சொல்லிப் புதிதாக வெட்டித் தந்தார்.

"கண்ணு, ஓ வேண்டாம், பி வேண்டாம், டி வேண்டாம். ஏயும் ஆரும் புதுசு. அது ரெண்டும் வர்ற மாதிரியே பேர் சொல்லு" என்றார் அப்பா.

நீங்கள் காலையில் காப்பியோடு ஆடுகிற விளையாட்டு இதுதானடி. இந்த எழுத்து கிடையாது, அந்த எழுத்து கட்டாயம் வேண்டும், மொத்தம் ஐந்து. என் அக்கா அதை அந்தச் சீசன் பூராவும் ஆடினாள். அவளுக்கு யாரும் பூங்கொத்து அனுப்பவில்லை. தினம் ஒரு லாட்டு போயாக வேண்டும், அவ்வளவுதான். சேர், வாட்டர், ஹார்ட், மார்ச், ஷார்க், ஃப்ரேம் என்று அவள் சொல்லச் சொல்ல அப்பா கோப்பார். வார்ஃப் வைத்த லாட்டு பெரியது. லாரி நிறைய அந்தப் பேர் போனதை நானே கம்பெனி வாசலில் நின்று பார்த்தேன். அக்கா என் கையைக் கிள்ளி, "நாம்ப வச்ச பேரு பாரு" என்றாள். லாரி திரும்பும்வரை அவள் கையை எடுக்கவில்லை.

இப்போது அந்தப் போட்டி.

அக்கா எட்டாவது. எங்கள் வரிசை வீடுகளில் எட்டாவது முடித்த பெண்ணை அடுத்த மாதமே கம்பெனியில் சேர்த்துவிடுவார்கள். டெய்லருக்குப் பக்கத்தில் நின்று கை மடித்துக் கொடுக்க, நூல் பிசிறு வெட்ட, ஏதோ ஒன்று. அப்பாவும் அந்த எண்ணத்தில்தான் இருந்தார். அந்த நேரத்தில் ஊர்ப் பெரிய மனிதர்கள் சங்கம் ஒன்று, எல்லாப் பள்ளி எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் இங்கிலீஷ் வார்த்தைப் போட்டி வைத்தது. முதலாவது வருகிற பிள்ளையை இங்கிலீஷ் பள்ளியில் பன்னிரண்டாவது வரை இலவசமாகப் படிக்க வைப்பார்கள். அக்கா அப்பாவிடம் கேட்டாள்.

"செரி. செயிச்சயின்னா படி. இல்லாட்டி கம்பெனிக்குப் போயிரோணும். அப்பறம் அழுகக் கூடாது" என்றார்.

"அழுகமாட்டனுங்கப்பா" என்றாள் அக்கா.

போட்டி அந்த இங்கிலீஷ் பள்ளியிலேயே நடந்தது. வழவழவென்ற தரை, மேலே காற்றாடி. பிள்ளைகளோடு வந்தவர்கள் வராந்தாவில் நிற்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா சைக்கிளைப் பூட்டிவிட்டு, வராந்தாவில் செருப்போடு ஏறலாமா என்று யோசித்து, கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். தலைமை டீச்சர் கரும்பலகையில் கேள்வியை எழுதித் தமிழிலும் சொன்னார். "ஐந்தெழுத்து வார்த்தைகள். ஒவ்வொன்றிலும் ஏயும் ஆரும் இருக்க வேண்டும். மணி அடிக்கும்வரை எத்தனை முடியுமோ எழுதலாம்."

அக்கா திரும்பி ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. வாழ்க்கையில் அவளுக்கு அதிர்ஷ்டம் என்று ஒன்று அடித்தது அந்த ஒரு தடவைதான். இருக்கிற எழுத்துகளில் எதை வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். ஏயும் ஆரும் கேட்டார்கள். எங்கள் வீட்டுப் புதுத் தகடுகள்!

எழுதினாள் பாருங்கள். தலை நிமிரவில்லை. மற்ற பிள்ளைகள் காற்றாடியைப் பார்த்தன, நகத்தைக் கடித்தன, பென்சிலை உருட்டின. சாயப்பட்டறை முதலாளியின் மகன், அதே பள்ளிப் பையன், அவனும் ஓரளவு எழுதினான். அக்கா தாளின் முன்பக்கம் முடித்து, பின்பக்கம் முடித்து, எழுந்து நின்று, "டீச்சர், இன்னொரு பேப்பர் வேணுங்க" என்றாள்.

அவள் கேட்டிருக்கக் கூடாது. கேட்டதும் தலைமை டீச்சர் எழுந்து வந்தார். தாளைப் பார்த்தார். பிறகு அவள் சட்டையைப் பார்த்தார். பிறகு அவள் விரல்களைப் பார்த்தார்.

"கையைக் காட்டு."

காட்டினாள். உள்ளங்கைவரை நீலக் கறுப்பு. அந்த மை சோப்புக்கும் போகாது, சாம்பலுக்கும் போகாது. தோல் உரிந்துதான் போக வேண்டும்.

"கையில எழுதிட்டு வந்து அழிச்சிருக்கே."

"இல்லீங்க டீச்சர். அது பொட்டி மையிங்க. தகடு கழுவறதுங்க."

"என்ன தகடு?"

அக்கா சொல்ல ஆரம்பித்தாள். லாட்டு, பெட்டி, சட்டம் என்று. அந்த அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்துகொள்ள நிற்கவும் இல்லை. பனியன் ஊரில் பள்ளிக்கூடம் நடத்துகிறவர், ஊரில் பாதி வீட்டுக் கைகளில் அந்த மை இருக்கும், அது என்னவென்று ஒருநாளும் கேட்டதில்லை. கை விரலைத் துணியால் தேய்த்துப் பார்த்தார். பாவாடை மடிப்பைப் பார்த்தார். பின்னலைத் தூக்கி ரிப்பனைப் பிரித்துப் பார்த்தார். அத்தனை பிள்ளைகளுக்கும் முன்னால்! என் உடம்பு இன்றைக்கும் இதை எழுதும்போது எரிகிறது. ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடைக்கவில்லை. கிடைக்காதபோது மன்னிப்புக் கேட்டு உட்காரச் சொல்வதுதானே மரியாதை? அவர் அடுத்த வழியை யோசித்தார்.

"சரி. நீயே எழுதினேன்னா அர்த்தம் சொல்லு. வார்ஃப்னா என்ன?"

அக்கா விழித்தாள். "அது கப்பல் பக்கத்துல வர்ற வார்த்தைங்க."

"எந்தக் கப்பல்?"

"பேப்பர்ல கப்பல் போடற பக்கங்க, டீச்சர்."

முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்தன. சங்கத்துப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், அவரும் சிரித்தார்.

"பார்ஜ்னா?"

"அதும் அந்தப் பக்கந்தானுங்க."

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். மூன்றாவதாக ஒரு வார்த்தையைக் கேட்டார். அக்கா தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். தலைமை டீச்சர் சிவப்புப் பேனாவை எடுத்து, தாளின் மேல் மூலையிலிருந்து கீழ் மூலைவரை ஒரே கோடு இழுத்தார். திருப்பிப் போட்டு அந்தப் பக்கமும் ஒரு கோடு. "அர்த்தம் தெரியாததெல்லாம் வார்த்தையே இல்லை" என்றார்.

அந்தக் கோட்டுக்கு அடியில் வாட்டர் இருந்தது, ஹார்ட் இருந்தது. சேர் இருந்தது. அவர் உட்கார்ந்துகொண்டு கோடு போட்டதே ஒரு சேரில்தான்! இதையாவது கேட்டிருக்கலாமே. அவளுக்குத் தெரிந்ததில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. சாயப்பட்டறைப் பையன் தாளை வாங்கினார்கள், விரலால் எண்ணினார்கள், கைகொடுத்தார்கள். அவனை ஓர் அர்த்தமும் கேட்கவில்லை. நான் ஜன்னலில் நின்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒன்றுகூடக் கேட்கவில்லை. கரும்பலகையில் எழுதிய கேள்வியில் அர்த்தம் என்ற பேச்சே இல்லை. அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை, அவன் பாட்டுக்கு எழுதினான். நடுவில் சட்டத்தை மாற்றி, அதையும் ஒரே ஒரு பிள்ளைக்கு மட்டும் மாற்றிய அந்த டீச்சர் மேல்தான் கோபம். படித்தவர்கள் செய்கிற அநியாயத்துக்கு ஒரு நறுவிசு இருக்கும், பார்ப்பதற்கு நியாயம் மாதிரியே இருக்கும்.

அப்பா வராந்தாவிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தார். உள்ளே போய், "அது பொட்டி மையிங்க, நாந்தேன் கழுவச் சொன்னனுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் கையும் அதே நிறம்தான், நீட்டிக் காட்டியிருந்தால் போதும். அவர் செருப்பைப் பிடித்திருந்த கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அதை நான் பார்த்தேன்.

திரும்பும் வழியில் மூன்று பேரும் ஒரே சைக்கிளில். நான் முன்னால், அக்கா பின்னால். பாதி வழியில் அப்பா சொன்னார். "டீச்சர் சொல்றதும் நாயந்தான கண்ணு. அர்த்தம் தெரியாம எழுதுனா எப்புடி ஒத்துக்குவாங்க?"

அவள் அழவில்லை. அழமாட்டேன் என்று சொல்லியிருந்தாள் அல்லவா.

வீட்டில் அம்மா விட்டுவிடவில்லை. எங்கள் அம்மா பள்ளிக்கூடப் பக்கமே போகாதவள், அப்பாவை எதிர்த்துப் பேசியும் நான் அதிகம் கேட்டதில்லை. அன்றைக்கு அடுப்புக்கு முன்னாலிருந்து எழுந்து வந்தாள்.

"ஏனுங்க, அந்தப் பேரு போட்ட பொட்டி கப்பலேறிப் போச்சுங்களா, இல்லீங்களா?"

"போச்சு."

"அக்கட்ட எறக்குனவன் எவனாச்சும் அர்த்தங் கேட்டு உங்களுக்குக் கடுதாசி போட்டானுங்களா?"

"அதெப்புடிப் போடுவான்?"

"வெள்ளைக்காரனே கேக்குல. இந்த டீச்சருக்கு மட்டும் என்னவாமா? நீங்க நாலு வார்த்த கேட்டுப்போட்டு வர வேண்டீதுதானுங்க?"

அப்பா முகம் கழுவப் போய்விட்டார். பெரியவர்கள், படித்தவர்கள் ஒன்று சொன்னால் அதில் ஏதாவது நியாயம் இருந்தே தீரும் என்று நம்பிய மனிதர் அவர். அந்த நம்பிக்கைக்கு என் அக்காவைக் கொடுத்தார். நல்ல அப்பாதான், எங்களைக் கை நீட்டி அடித்ததில்லை. ஆனாலும் இந்த ஒன்றில் அவரை என்னால் விட்டுக்கொடுக்காமல் பேச முடியவில்லை, செத்துப்போன பிறகும்.

பரீட்சை முடிந்த கோடையில் அக்காவைக் கம்பெனியில் சேர்த்தார்கள். அவள் சம்பளம் வர ஆரம்பித்ததால், நான் எட்டாவது முடித்தபோது அம்மாவால் தைரியமாகப் பேச முடிந்தது. அப்படித்தான் நான் ஒன்பதாம் வகுப்பில் உங்களோடு வந்து உட்கார்ந்தேன். நம் பள்ளியில் நான் இங்கிலீஷில் நல்ல மார்க் வாங்குவேன் என்று டீச்சர்கள் மெச்சுவார்கள். எனக்கு அது எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது.

தகடுகள் என்ன ஆயின? சில வருடத்தில் பெட்டியெல்லாம் அச்சடித்தே வந்தன. பழையதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போ என்று முதலாளி அப்பாவிடம் தள்ளிவிட்டார். டப்பா கொஞ்ச காலம் பரணில் கிடந்தது. ஒருநாள் பழைய பித்தளைக்குப் பிளாஸ்டிக் குடம் கொடுக்கிறவன் வந்தான். நான் பள்ளி விட்டு வரும்போது வாசலில் பச்சைக் குடம் ஒன்று நின்றது. ஏ, ஆர், டபிள்யூ எல்லாம் அந்தக் குடமாகிவிட்டன. அக்கா வேலை முடிந்து வந்து, குடத்தைச் சுண்டிப் பார்த்துவிட்டு, "தண்ணி சேந்த லேசா இருக்கும்" என்று மட்டும் சொன்னாள். அன்றைக்குப் பிறகு அவள் ஒரு பேப்பரில்கூட வட்டம் போட்டு நான் பார்த்ததில்லை.

இத்தனை வருடத்தில் அந்தப் போட்டியைப் பற்றி அவள் ஒரு தடவையும் பேசவில்லை. கல்யாணம், பிள்ளைகள், செக்கிங், பேக்கிங், இடுப்பு வலி எல்லாம் பேசுவாள். அதை மட்டும் பேசமாட்டாள். அவள் மறந்துவிட்டாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, அவள் வீட்டுக்குப் போனேன். இன்னும் அதே மண்ணரைதான். பக்கத்து வீட்டில் வடக்கத்திப் பையன்கள் கடுகு எண்ணெயில் என்னவோ தாளித்துக்கொண்டு, போனில் ஊருக்கு இந்தியில் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா தரையில் உட்கார்ந்து, கம்பெனியிலிருந்து வாங்கி வந்த பனியன்களுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். உங்கள் மேல் இருந்த கோபத்தில், யோசிக்காமல் போனை எடுத்து அவளிடம் நீட்டினேன். அஞ்செழுத்து, பச்சை, மஞ்சள், சாம்பல் என்று விளக்கினேன். அவள் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பார்த்தாள்.

"அப்பாவோட சட்டமாட்டம் இருக்குது" என்றாள்.

"அதேதாங்க்கா. ஒரு பேரு போடு."

விரலை எழுத்துகளுக்கு மேல் கொண்டுபோனாள். தொடவில்லை. அப்படியே நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இது அர்த்தங் கேக்குமா கண்ணு?"

தோழிகளே, நான் என்ன சொல்வேன்? "கேக்காதுக்கா" என்றேன்.

"நெசமாத்தான?"

"நெசமாத்தான். யாரையும் கேக்காது."

கத்தரியை ஓரமாக வைத்தாள். இரண்டு கையையும் சேலைத் தலைப்பில் துடைத்தாள். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள், விரல்களைப் பார்த்தாள். மை ஒன்றும் இல்லை, வெள்ளை நூல் பிசிறு மட்டும் ஒட்டியிருந்தது. அதையும் தட்டிவிட்டாள். பிறகு டபிள்யூவைத் தொட்டாள். ஹெச், ஏ, ஆர், எஃப். ஒவ்வொன்றாக, தகடு கோக்கிற அதே நிதானத்தோடு. நான் சொன்னதும் கடைசிப் பொத்தானை அழுத்தினாள். கட்டங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. ஏ மட்டும் மஞ்சள், மீதி சாம்பல்.

"அப்புடீன்னா?"

"இன்னைக்கு வார்த்தை அது இல்லைக்கா. ஆனா வார்த்தைன்னு ஏத்துக்கிச்சு. வார்த்தை இல்லைன்னா ஏத்துக்கவே ஏத்துக்காது."

"ஏத்துக்கிச்சா?"

"ஏத்துக்கிச்சு."

அந்த ஐந்து கட்டத்தையும் எழுத்துக் கூட்டிப் படித்தாள். போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். கத்தரியை எடுத்தாள், அடுத்த பனியனை மடியில் விரித்தாள். பிறகு, ஏதோ காலையில் நடந்ததைக் கேட்பது போலக் கேட்டாள்.

"அப்பறம் அந்த டீச்சரு எதுக்குக் கண்ணு கோடு போட்டாங்க?"

உங்களில் யாருக்காவது பதில் தெரிந்தால் குழுவில் போடுங்கள். நான் அவளிடம் காட்டுகிறேன்.